பந்தைக் கொடுத்தவளுக்கு எந்த இடம்?

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருவரை மேடைக்கு அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். பயப்பட வேண்டாம். மதிய உணவில் உங்கள் தட்டை யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை. நாங்கள் இன்று பேச வந்தது பந்தாட்டத்தைப் பற்றி. இந்தப் பாடசாலையின் வலைப்பந்தாட்ட அணியில் 1998ஆம் ஆண்டு நின்ற எங்கள் எல்லோருக்குமாகவே இங்கு பேசுகிறோம்.

விடயம் இதுதான். நூறு ஆண்டுகளில் எங்கள் பாடசாலை கண்ட மிகச் சிறந்த வலைப்பந்தாட்ட வீராங்கனையைத் தெரிவுசெய்து ஒரு கேடயம் வழங்க வேண்டும் என்று விழாக் குழுவினர் விரும்பினார்கள். பெயர்களைப் பரிந்துரைக்கும்படி எங்கள் அணியிடமும் கேட்டார்கள். கேட்ட அன்றிரவே எங்கள் வட்ஸ்அப் குழுவில் சண்டை தொடங்கிவிட்டது. ரொறன்ரோவில் இருப்பவள் ஒரு பெயரைச் சொன்னாள், லண்டனில் இருப்பவள் வேறொன்றைச் சொன்னாள், கொழும்பில் இருப்பவள் இரண்டையும் மறுத்தாள். மூன்று நாளாகியும் முடிவில்லை. அப்போதுதான், நாங்கள் பெயர்களைப் பற்றிச் சண்டை பிடிக்கிறோமே தவிர, எதை வைத்து அளப்பது என்று ஒருவரும் பேசவில்லை என்பது விளங்கியது.

மருத்துவ பீடத்தில் முதலில் குறிப்புகள் முழுமையாக உள்ள நோயாளி ஒருவரின் கோவையைத் தந்து படிக்கச் சொல்வார்கள். அதில் பழகிய பிறகுதான் குறிப்பே இல்லாத நோயாளியிடம் அனுப்புவார்கள். நாங்களும் அப்படியே செய்தோம். எங்கள் பாடசாலையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, எல்லாக் கணக்கும் எழுதப்பட்டிருக்கும் ஒரு வீராங்கனையை எடுத்தோம். எங்கள் அணியில் ஒருத்தி அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துக்குப் பக்கத்தில் வசிக்கிறாள். அவள் சொன்ன பெயர் சூ பேர்ட்.

சூ பேர்ட் 1980 ஒக்டோபரில் பிறந்தவர். எங்கள் வயதுக்காரி. பெண்களுக்கான அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டச் சங்கத்தில் சியாட்டில் அணிக்காக மட்டுமே 19 பருவங்கள் ஆடி, 2022 செப்டெம்பரில், 41 வயதில் ஓய்வு பெற்றார். அவர் ஆடிய இடத்தைக் 'கார்ட்' என்பார்கள். பந்தைத் தட்டிக்கொண்டு வந்து, யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து, ஆட்டத்தைத் தொடங்கி வைப்பவர். எங்கள் ஆட்டத்தில் 'சென்ரர்' செய்யும் வேலைக்கு அது மிகக் கிட்டியது.

இரண்டு ஆட்டங்களும் ஒரு தாய்ப் பிள்ளைகள்தான். 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் பீச் பழக் கூடைகளைத் தொங்கவிட்டுத் தொடங்கிய ஆட்டம், அடுத்த சில ஆண்டுகளில் இங்கிலாந்துப் பெண்களின் கைக்குப் போய் வலைப்பந்தாட்டமாகியது. அதன் சர்வதேச விதிகளை ஒன்றாக்குவதற்குப் பல நாட்டுப் பிரதிநிதிகள் 1960இல் கூடியது எங்கள் இலங்கையில்தான் என்பதை மாணவிகள் தெரிந்துவைத்திருங்கள். ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கூடைப்பந்தாட்டத்தில் கார்ட்டும் கூடைக்குள் எறியலாம். வலைப்பந்தாட்டத்தில் சென்ரர் நினைத்தாலும் எறிய முடியாது, கோல் வட்டத்துக்குள் கால் வைக்கவும் முடியாது. ஆட்டம் முழுவதும் ஓடியும் அவள் பெயருக்கு நேரே ஒரு கோலும் எழுதப்படாது.

இனி, சூ பேர்டின் இடம் எது? எங்கள் விவாதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

அவருக்காக வாதாடியவள் முதலில் பதக்கங்களை அடுக்கினாள். 2004 ஏதென்சிலிருந்து 2021இல் நடந்த ரோக்கியோ ஒலிம்பிக் வரை ஐந்து தங்கப் பதக்கங்கள். சியாட்டிலுடன் 2004, 2010, 2018, 2020 ஆகிய ஆண்டுகளில் நான்கு சம்பியன் பட்டங்கள். மொத்தம் 3,234 அசிஸ்ட். அதாவது, இன்னொருத்தி உடனே கூடைக்குள் போடும்படியாகப் பந்தைக் கொடுத்த தடவைகள். அவர் ஓய்வு பெற்றபோது அந்தச் சங்கத்தில் அதற்கு மேல் எவரும் இருக்கவில்லை. 2025இல் நெய்ஸ்மித் பெயரிலான புகழ் மண்டபத்திலும் அவர் சேர்க்கப்பட்டார்.

எதிர்த்தவளும் விடவில்லை. அமெரிக்கப் பெண்கள் அணி 1992க்குப் பிறகு ஒலிம்பிக்கில் ஒரு போட்டியிலும் தோற்றதில்லை. பேர்ட் இல்லாவிட்டாலும் அந்தத் தங்கங்களில் பெரும்பாலானவை வந்திருக்கும் என்றாள். பருவத்தின் சிறந்த வீராங்கனை என்ற விருது பேர்டுக்கு ஒருமுறையும் கிடைத்ததில்லை. சியாட்டில் வென்ற நான்கு இறுதிச் சுற்றுகளிலும் சிறந்த வீராங்கனையாகத் தெரிவானவர்கள் பெட்டி லெனொக்ஸ், லோரன் ஜக்சன், பிறகு இரண்டு தடவை பிரியானா ஸ்ருவர்ட். எல்லோரும் பேர்டின் அணித் தோழிகள். புள்ளிகளைப் பார்த்தால் பேர்ட் 6,803, அவருடைய நெருங்கிய தோழி டயானா டோராசியோ 10,646. அசிஸ்டிலும், ஒரு போட்டிக்கு எத்தனை என்ற சராசரியை எடுத்தால் கோர்ட்னி வண்டர்ஸ்லூட் அவரை மிஞ்சுகிறார்.

இந்த வாதங்களை நாங்கள் தள்ளிவிடவில்லை. எல்லாம் உண்மை. ஐந்து தங்கத்தைச் சொன்னவுடன் வாயடைத்துப் போவது சரியான மதிப்பீடு அல்ல. வைத்தியசாலையில் ஒரு விடுதியில் எல்லோரும் குணமாகிப் போகிறார்கள் என்றால் அங்குள்ள வைத்தியர் கெட்டிக்காரர் என்பதும் காரணமாகலாம். அந்த விடுதிக்கு வருபவர்கள் பெரிய வருத்தம் இல்லாதவர்கள் என்பதும் காரணமாகலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

பிரிப்பது எப்படி? நாங்கள் கண்ட வழி, சுற்றியிருந்தவர்கள் மாறியபோது என்ன நடந்தது என்று பார்ப்பது. 2004இல் பேர்டோடு ஆடியவர்களில் எவரும் 2018இல் சியாட்டில் அணியில் இல்லை. பயிற்றுநர்கள் மாறினார்கள். பேர்ட் முதல் பட்டம் வென்றபோது 23 வயது, கடைசிப் பட்டத்தின்போது 39. அந்தக் கடைசி இறுதிச் சுற்றின் முதற் போட்டியில் மட்டும் 16 அசிஸ்ட் கொடுத்தார். பதினாறு ஆண்டு இடைவெளியில், வெவ்வேறு தலைமுறைப் பிள்ளைகளோடு, நான்கு பட்டம். எல்லாவற்றிலும் மாறாமல் நின்றவர் ஒருவர்தான். எறியவும் தெரியாதவர் அல்லர். 2018 அரையிறுதியில் மூக்கெலும்பு உடைந்து, முகமூடியோடு வந்து, முடிவைத் தீர்மானித்த ஐந்தாவது போட்டியின் கடைசிக் கால்பகுதியில் மட்டும் 14 புள்ளிகள் எடுத்தார். தேவைப்பட்ட நேரத்தில் எறிந்தார். மற்ற நேரத்தில் கொடுத்தார்.

இந்த இடத்தில் மூன்றாவது பெயர் ஒன்று வந்தது. சிந்தியா கூப்பர். பேர்டுக்கு முந்திய தலைமுறை, அவரும் கார்ட். 1997இல் அந்தச் சங்கத்தின் முதற் பருவம் தொடங்கியபோது கூப்பருக்கு 34 வயது. அதற்கு முன் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் ஆடினார். சொந்த நாட்டில் அவருக்கு ஆட ஒரு களம் இருக்கவில்லை. களம் கிடைத்ததும் ஹூஸ்டன் அணியோடு 1997 முதல் 2000 வரை தொடர்ந்து நான்கு பட்டங்கள் வென்றார். நான்கு இறுதிச் சுற்றிலும் சிறந்த வீராங்கனை அவரே. முதல் இரண்டு பருவங்களின் சிறந்த வீராங்கனை விருதும் அவருக்கே. பிறகு ஓய்வு.

மொத்தக் கணக்கில் பார்த்தால் பேர்டுக்குப் பக்கத்திலும் கூப்பர் வர முடியாது. நான்கு பருவத்தை 19 பருவத்தோடு கூட்டிப் பார்த்து அளந்தால் கிடைப்பது, யார் எப்போது பிறந்தார்கள் என்ற விடை மட்டுமே. கூப்பரின் 24 வயது ஆட்டத்தையும் 28 வயது ஆட்டத்தையும் அமெரிக்கக் கணக்குப் புத்தகத்தில் எங்கே தேடுவது?

இதைப் பேசிக்கொண்டிருந்தபோது எங்கள் குழு சிறிது நேரம் அமைதியாகிவிட்டது. ஏனென்று உங்களில் பலருக்கு விளங்கும். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு நாங்கள் எல்லோரும் தென்மராட்சிக்கு நடந்தோம். எங்களுக்கு அப்போது 15 வயது. பாடசாலைக்குத் திரும்பி வந்தபோது விளையாட்டு அறையில் பதிவேடும் இல்லை, பந்தும் இல்லை. எங்களுக்கு முந்திய அக்காமார் ஆடிய போட்டிகளின் புள்ளிக் கணக்கு அதோடு போய்விட்டது. பல ஆண்டுகள் போட்டியே நடக்கவில்லை. கேடயத்துக்கு இன்று முன்வைக்கப்பட்டிருக்கும் பெயர்ப் பட்டியலைப் பார்த்தோம். முப்பதுகள், ஐம்பதுகள், எழுபதுகள், பிறகு ஒரேயடியாக 2003. நடுவில் ஒருவரும் இல்லை. அந்த ஆண்டுகளில் நல்ல வீராங்கனைகளே இருக்கவில்லை என்று எதிர்காலத்தில் படிப்பவர்கள் நினைக்கக்கூடும்.

பட்டியலில் இன்னொன்றையும் கண்டோம். அதில் உள்ள ஒன்பது பேரில் எட்டுப் பேர் கோல் போட்டவர்கள். கோல் போட்டவர்களை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. எங்கள் மண்ணின் தர்ஜினி சிவலிங்கம் 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் எல்லா நாட்டு வீராங்கனைகளையும் விடக் கூடுதலான கோல்களைப் போட்டபோது, இரவுக் கடமையில் இருந்த நாங்கள் தாதியரோடு சேர்ந்து கைதட்டினோம். ஆனால் ஆறரை அடிக்கு மேல் உயரமான அவரின் கைக்கு, எதிரணிக்காரர் எட்டாத உயரத்தில், அளவாகப் பந்தைத் தூக்கிக் கொடுத்தவர்களும் அந்த அணியில் இருந்தார்கள். அவர்களில் எத்தனை பேரின் பெயர் எங்களுக்கு நினைவிருக்கிறது?

இனிச் சொல்லப் போவது எங்கள் அணியின் கதை. சம்பந்தப்பட்டவளிடம் அனுமதி கேட்டே சொல்கிறோம்.

1998இல் எங்கள் சென்ரர் ஒருத்தி இருந்தாள். பெயரைச் சொல்ல வேண்டாம் என்றாள். எங்கள் கோல்கள் எல்லாம் அவள் கையிலிருந்து தொடங்கின. பந்து கைக்கு வரும் முன்பே யாருக்குக் கொடுப்பது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். மாவட்ட மட்ட அரையிறுதியில் உயர எழும்பிப் பந்தைப் பிடித்து, ஒற்றைக் காலில் இறங்கித் திரும்பியபோது முழங்காலுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னாள். பின்னேரத்துக்குள் முழங்கால் தேங்காயளவு வீங்கிவிட்டது. பத்து நாளில் இறுதிப் போட்டி. நாங்கள் எண்ணெய் பூசினோம், சீலைத் துண்டால் இறுக்கிக் கட்டினோம். வீக்கம் வற்றியது. போட்டியன்று காலை அவளைச் சுற்றி நின்று, "உமக்கு ஏலுமோ?" என்று கேட்டோம். ஏலாது என்று சொல்ல முடியாதபடிதான் கேட்டோம். "ஏலும், போவம்" என்றாள். இரண்டாவது கால்பகுதியில் அதே கால் மடிந்து விழுந்தாள். அதற்குப் பிறகு அவள் பந்தைத் தொடவில்லை. நாங்கள் தோற்றோம். தோற்றதற்காக அழுதோமே தவிர, அவளின் காலுக்காக எவரும் அழவில்லை.

அன்று எங்களில் யாரும் வைத்தியர் அல்லர். இன்று அந்தச் சத்தத்தையும், சில மணித்தியாலத்தில் வந்த வீக்கத்தையும், பிறகு கால் மடிந்ததையும் ஒரு மருத்துவ மாணவியிடம் சொன்னால், முழங்காலின் முன்புறச் சிலுவை இணையம் அறுந்திருக்கிறது என்று உடனே சொல்வாள். அறுந்த நிலையில் மறுபடி ஆடவிட்டால் உள்ளேயிருக்கும் மென்சவ்வும் கிழியும். எங்கள் தோழிக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். இன்று படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே ஏறுகிறாள்.

அதே 1998ஆம் ஆண்டு டிசெம்பரில், கனெக்ரிக்கட் பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டு மாணவியாக இருந்த சூ பேர்டுக்கும் அதே இணையம் அறுந்தது. இடது முழங்கால். எட்டுப் போட்டிகள்தான் ஆடியிருந்தார். அவரை மறுபடி ஆடச் சொல்லி எவரும் கேட்கவில்லை. அந்தப் பருவம் முழுவதும் வெளியே இருத்தினார்கள். சத்திரசிகிச்சை, உடற்பயிற்சிச் சிகிச்சை எல்லாம் கிடைத்தன. அடுத்த பருவத்தில் திரும்பி வந்து 2000இலும் 2002இலும் தேசியப் பட்டம் வென்றார். பின்னரும் அந்த முழங்கால் அவரை விடவில்லை. 2013, 2019 ஆகிய இரண்டு பருவங்களை முழுமையாக அதற்குக் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் திருத்தித் திருப்பி அனுப்ப ஆட்கள் இருந்தார்கள். எங்களுக்கு அப்போது கொழும்புக்குப் போகத் தரைப்பாதையே இல்லை. கப்பல், இல்லாவிட்டால் விமானம்.

எங்கள் தோழி ஒரு சூ பேர்டாக வந்திருப்பாள் என்று சொல்லமாட்டோம். அப்படிச் சொல்ல எங்களிடம் ஆதாரம் இல்லை. அவளின் ஆட்டம் ஒன்றரை ஆண்டோடு முடிந்தது. பேர்டின் 19 பருவங்களை அவரின் திறமைக்கும் உழைப்புக்கும் மட்டும் எழுதிவைப்பது சரியல்ல என்று மட்டும் சொல்கிறோம். அதில் ஒரு பங்கு, அந்த முழங்காலைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும், 'இப்போது ஆடாதே' என்று சொன்னவர்களுக்கும் உரியது.

ஆகவே பேர்டைப் பற்றிய எங்கள் தீர்ப்பு இது. எல்லாக் காலத்துக்கும் முதலாவது வீராங்கனை அவர் அல்லர். உச்சத்தில் நின்ற ஆட்டத்தை அளந்தால் கார்ட்களில் கூப்பர் முதல். எறிபவராக அளந்தால் டோராசி. ஆனால் மற்றவர்களை ஆடவைப்பதே கார்டின் முதல் வேலை என்று கொண்டால், அந்த வேலையை இவ்வளவு காலம், இவ்வளவு பேரோடு, இவ்வளவு வெற்றியோடு செய்தவர் பேர்டைப் போல வேறு எவரும் இல்லை. அந்த வரிசையில் அவருக்கு முதலாம் இடம். எங்கள் குழுவில் ஒருத்தி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அவள் முன்பு கோல் போட்டவள், மன்னித்துவிட்டோம்.

இந்தப் பழக்கத்தோடு எங்கள் கேடயத்துக்குத் திரும்புகிறோம். விழாக் குழுவிடம் மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, பட்டியலை இன்னும் மூட வேண்டாம். 1985க்கும் 2002க்கும் இடையில் ஆடிய அக்காமாரும் தங்கைமாரும் எந்த நாட்டில் இருந்தாலும், உங்களோடு ஆடிய சிறந்தவள் யார், ஏன் என்று ஒரு பக்கமாவது எழுதி அனுப்புங்கள். இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களுக்கும் இதே வேண்டுகோள்தான். பதிவேடு எரிந்தாலும் பார்த்தவர்கள் இருக்கிறோம். நாங்களும் போன பிறகு கேட்க ஆள் இருக்காது.

இரண்டாவது, கோல் கணக்கை மட்டும் பார்க்க வேண்டாம். பந்தைக் கொடுத்தவர்களையும் தடுத்தவர்களையும் அவர்களோடு ஆடியவர்களிடமே கேளுங்கள். அது கணக்கில் வராது, ஆனால் கூட ஆடியவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது, இது வைத்தியராகச் சொல்வது. பந்தைப் பிடித்தவுடன் நிற்க வேண்டும் என்ற விதியால் வலைப்பந்தாட்டத்தில் முழங்காலுக்கு வரும் ஆபத்து அதிகம். திரும்பித் தாவும் ஆட்டங்களில் ஆண்களை விடப் பெண்களுக்கு இந்த இணையம் அறுவது இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் ஆட்டத்துக்கு முன் பதினைந்து நிமிடம், இரண்டு காலிலும் முழங்காலை மடித்து மெல்ல இறங்கப் பழகுவது, தொடைத் தசைகளை வலுப்படுத்துவது, ஒற்றைக்காலில் சமநிலை பழகுவது என்று ஒழுங்காகச் செய்தால், அந்த அறுவைகளில் ஏறக்குறைய பாதியைத் தடுக்கலாம். இதற்குக் காசு தேவையில்லை. பழக்கிவிட ஆள்தான் தேவை. எங்கள் அணியினர் அந்தப் பொறுப்பை ஏற்கிறோம். அடுத்த தவணை தொடக்கம் மாதம் ஒருமுறை நாங்கள் மைதானத்துக்கு வருவோம்.

மாணவிகளே, முழங்காலில் சத்தம் கேட்டு அன்றே வீங்கினால், கேடயம் அல்ல, உலகக் கிண்ணமே வந்தாலும் இறங்காதீர்கள். உங்கள் தோழி அப்படி விழுந்தால் அவளிடம் "உமக்கு ஏலுமோ?" என்று கேட்காதீர்கள். அவள் ஏலும் என்றுதான் சொல்லுவாள்.

நேற்று இரவு எங்கள் சென்ரரிடம் இந்த உரையை வாசித்துக் காட்டினோம். கேடயத்துக்கு அவளின் பெயரைக் கொடுக்கப் போகிறோம் என்றும் சொன்னோம். சிரித்துவிட்டு, "என்ர பெயரை விடுங்கோ. அந்தப் பிள்ளையளுக்கு முழங்காலைப் பற்றி வடிவாச் சொன்னனீங்களோ?" என்று கேட்டாள். சொல்லிவிட்டோம்.

அவள் சொன்னதற்காகப் பெயரை இங்கே சொல்லவில்லை. பரிந்துரைப் படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டோம்.